அன்றைக்கே வாங்கியிருந்தால்: பிட்காயின் லாபக் கணக்கை எப்படிப் படிப்பது?

கோத்தகிரி மார்க்கெட்டில் டீ குடிக்க நின்றாலும், குன்னூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது: "2013-ல ஏழாயிரம் ரூபாய்க்கு பிட்காயின் வாங்கிப் போட்டிருந்தா, இன்னைக்கு எட்டு கோடி!" சொல்பவர் எங்கோ ஒரு வீடியோ பார்த்திருப்பார். கேட்பவருக்கு மனசு அடித்துக்கொள்ளும். சிறு தேயிலை விவசாயிகளுக்கு வரவு செலவு எழுதிக் கொடுப்பது என் வேலை என்பதால், அடுத்த கேள்வி என்னிடம் வந்து சேர்கிறது: "கையில ஒரு லட்சம் இருக்கு சார். இப்பப் போட்டா பத்து வருஷத்துல எவ்வளவு ஆகும்?"

அந்த ஏழாயிரம், எட்டு கோடி கணக்கில் பொய் இல்லை. ஆனால் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே பன்னிரண்டு வருடம் கிடக்கிறது. அந்தப் பன்னிரண்டு வருடத்தை மறைத்துவிட்டு முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் காட்டினால், பார்ப்பவருக்கு ஆசை வரும், புரிதல் வராது. நடுவில் என்ன நடந்தது, அந்த லாபம் எதனால் வந்தது, அதில் எவ்வளவு கைக்கு வந்திருக்கும் என்பதைப் பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்த யாரும் புரிந்துகொள்ள முடியும்.

முதலில் பிட்காயினைப் பற்றிச் சுருக்கமாக. சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபர் 31 அன்று ஒன்பது பக்க அறிக்கை ஒன்று வெளியானது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. 2009 ஜனவரி 3 அன்று முதல் பிட்காயின் பதிவு உருவானது. அந்த ஆண்டு நவம்பரில் பெருமழை கொட்டி நீலகிரியில் மண் சரிந்து பலர் இறந்தார்கள். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் 2009 என்றால் அதுதான் நினைவு. பிட்காயின் பிறந்த செய்தி இந்த மலைக்கு வர இன்னும் சில வருடங்கள் ஆயின.

பிட்காயினை வெளியிட ரிசர்வ் வங்கி மாதிரி ஓர் அமைப்பு கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்ற பேரேடு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரிப் பதிவாகிறது. அந்தப் பேரேட்டில் புதுப் பக்கம் சேர்க்கும் கணினிக்காரருக்குக் கூலியாகப் புது நாணயம் கிடைக்கிறது. ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம். அந்தக் கூலி சுமார் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும்: தொடக்கத்தில் 50 பிட்காயின், 2012-ல் 25, 2016-ல் 12.5, 2020-ல் 6.25, 2024 ஏப்ரலில் 3.125. கடைசியில் மொத்தம் 2 கோடியே 10 லட்சம் நாணயத்தோடு நின்றுவிடும். வரத்து முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டது. தேவைக்கு மட்டும் யாரும் எல்லை எழுதி வைக்கவில்லை. விலை ஏறுவதும் இறங்குவதும் அங்கிருந்துதான்.

ஏழாயிரம் நடந்து வந்த வழி

2013 ஜனவரியில் ஒரு பிட்காயின் சுமார் 13 டாலர். அன்றைய மதிப்பில் 700 ரூபாய் அளவு. பத்து பிட்காயின் வாங்க 7,000 ரூபாய் போதும். இனி நான் சொல்லும் தொகைகள் அந்தந்த நேரத்து டாலர் விலையை அந்தந்த நேரத்து ரூபாய்க்கு மாற்றிப் போட்ட தோராயக் கணக்கு.

ஏப்ரலில் விலை 260 டாலரைத் தாண்டியது. ஏழாயிரம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஆனது. சில நாட்களில் 100 டாலருக்கும் கீழே விழுந்தது. நவம்பர் கடைசியில் 1,100 டாலரைத் தாண்டி ஏறியது. இப்போது அந்தப் பத்து நாணயத்தின் மதிப்பு 6 லட்சத்து 80 ஆயிரம்.

இங்கே கொஞ்சம் நிற்போம். பதினோரு மாதத்தில் ஏழாயிரம் கிட்டத்தட்ட ஏழு லட்சம் ஆகியிருக்கிறது. மகளை நர்சிங் படிக்கவைக்கப் பணம் தேடும் ஒருவர், வீட்டுக்கு மேல்தளம் போட நினைக்கும் ஒருவர் அந்த நாளில் விற்காமல் இருந்திருப்பாரா? விற்றிருப்பார். விற்றதுதான் சரி என்பேன். நூறு மடங்கு லாபத்தோடு வெளியே வந்தவரைப் பிற்காலத்து விலையைக் காட்டி "ஏமாந்துட்டீங்களே" என்று சொல்வது நியாயமே இல்லை.

விற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 2015 ஜனவரியில் விலை 200 டாலருக்கும் கீழே போனது. அந்த 6 லட்சத்து 80 ஆயிரம், 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் கீழே. அப்போதும் வைத்திருந்தால் 2017 டிசம்பரில் ஒரு நாணயம் 20,000 டாலரை நெருங்கியது. பத்து நாணயம் 1 கோடியே 28 லட்சம். ஒரே ஆண்டு கழித்து 2018 டிசம்பரில் 3,200 டாலர். ஒரு கோடி கரைந்து 22 லட்சம் மட்டும் மிச்சம். 2020 மார்ச் 12 அன்று கொரோனா பயத்தில் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. 2021 நவம்பரில் 69,000 டாலர், 5 கோடியே 10 லட்சம். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச், அதாவது இந்த நாணயங்களை வாங்கி விற்கும் தளம், திவாலானபோது 15,500 டாலர். மறுபடியும் 1 கோடியே 26 லட்சம். 2024 ஜனவரியில் அமெரிக்காவில் பிட்காயினுக்கு நேரடி இடிஎஃப் (பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. அங்கேதான் வீடியோவில் சொல்லும் எட்டு கோடி வருகிறது; கணக்கில் எட்டரைக் கோடி அளவு. 2025 அக்டோபரில் 1,26,000 டாலர் வரை போய், அடுத்த மாதமே ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியது.

எட்டரைக் கோடியைப் பார்க்க வேண்டுமென்றால் 2015-ல், 2018-ல், 2022-ல் என்று மூன்று முறை தன் பணத்தில் ஐந்தில் நான்கு பங்கு, அல்லது அதற்கு ஒட்டிய அளவு, காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எப்படியும் ஏறிவிடும் என்று இன்று நமக்குத் தெரிகிறது. அன்று யாருக்கும் தெரியாது. 2018 டிசம்பரில் பிட்காயின் செத்தே போய்விட்டது என்று நினைத்தவர்களிடமும் காரணங்கள் இருந்தன.

அவ்வளவு பெரிய லாபம் எதனால் வந்தது?

ஆரம்பத்தில் வாங்கியவர்களுக்குக் கிடைத்த லாபத்தின் முதல் காரணம், அந்தச் சந்தை அன்று மிக மிகச் சிறியதாக இருந்தது. 2010 மே 22 அன்று லாஸ்லோ ஹன்யெச் என்ற அமெரிக்க நிரலாளர் இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்தார். அவர் பணத்தை வீணாக்கினார் என்று சொல்லித்தான் இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. யாராவது ஒருவர் கொடுத்து ஒரு பொருளை வாங்கினால்தான் அதற்கு விலை என்று ஒன்று பிறக்கும். எல்லோரும் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தால் பிட்காயினுக்கு விலையே வந்திருக்காது.

2013 தொடக்கத்தில் புழக்கத்தில் இருந்த எல்லா பிட்காயினையும் சேர்த்தால் சுமார் 14 கோடி டாலர். உலகக் கணக்கில் அது ஒரு நடுத்தர நிறுவனத்தின் அளவுகூட இல்லை. 2024 டிசம்பரில் அதே மொத்த மதிப்பு சுமார் 2 லட்சம் கோடி டாலர். இந்தப் பெருக்கத்தில் புது நாணயங்களும் சேர்ந்திருக்கின்றன. ஒரு நாணயத்தின் விலையை மட்டும் எடுத்தால் டாலர் கணக்கில் ஏறக்குறைய 7,700 மடங்கு.

இப்போது வாங்குபவருக்கு இன்னொரு 7,700 மடங்கு வருமா? பெருக்கிப் பாருங்கள். 2 லட்சம் கோடி டாலரை 7,700-ஆல் பெருக்கினால் 15,000 லட்சம் கோடி டாலருக்கு மேல் வரும். உலக நாடுகள் அத்தனையும் சேர்ந்து ஓர் ஆண்டில் உற்பத்தி செய்வதன் மதிப்பே 2024-ல் சுமார் 110 லட்சம் கோடி டாலர்தான். அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல் பிட்காயினின் மதிப்பு உயர வேண்டியிருக்கும். அதற்கு உலகத்தில் பணம் கிடையாது. பிட்காயின் இன்னும் ஏறலாம், இரண்டு மடங்கோ ஐந்து மடங்கோ ஆகலாம், இறங்கவும் செய்யலாம். ஆனால் பழைய மடங்கு திரும்ப வராது. பழைய படத்தைக் காட்டிப் புதிதாகப் பணம் கேட்பவரிடம் இந்த ஒரு பெருக்கலைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

ஆண்டுக்கு எத்தனை சதவீதம்?

மடங்கு என்ற எண் மயக்கும். அதோடு எத்தனை ஆண்டு என்பதையும் சேர்த்தால்தான் வங்கி வட்டியோடும் தங்கத்தோடும் ஒப்பிட முடியும். அதற்குக் கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம் என்று பெயர். மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரங்களில் சிஏஜிஆர் என்று வருவது இதுதான்.

ஒரு சாதாரண உதாரணம். 2017 டிசம்பர் உச்சத்தில் ஒருவர் ஒரு லட்சம் ரூபாய்க்கு பிட்காயின் வாங்கினார். 2024 டிசம்பரில் அது ரூபாய்க் கணக்கில் சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம். ஏழு ஆண்டில் லாபம் 560 சதவீதம். ஏழால் வகுத்து ஆண்டுக்கு 80 சதவீதம் என்று சொன்னால் தவறு. ஏனென்றால் இரண்டாம் ஆண்டு லாபம் முதல் ஆண்டு லாபத்தின் மேலும் சேர்கிறது, வட்டிக்கு வட்டி போல. சரியான கேள்வி இப்படி இருக்க வேண்டும்: ஒரு லட்சத்தை ஒவ்வொரு ஆண்டும் ஒரே அளவில் பெருக்கிக்கொண்டே போனால், ஏழாவது ஆண்டு முடிவில் 6.6 லட்சம் வர எந்த எண்ணால் பெருக்க வேண்டும்? விடை 1.31. அதாவது ஆண்டுக்கு 31 சதவீதம். கணக்குப் போடும் வழி: கடைசித் தொகையை முதல் தொகையால் வகுங்கள், வந்த எண்ணுக்கு ஏழாம் மூலம் எடுங்கள், ஒன்றைக் கழியுங்கள். கைப்பேசிக் கால்குலேட்டரைப் படுக்கைவாக்கில் திருப்பினால் மூலம் எடுக்கும் பொத்தான் பெரும்பாலும் வரும்.

இதையே டாலரில் போட்டால் 26 சதவீதம்தான் வரும். மிச்சம் 5 சதவீதம் எங்கிருந்து வந்தது? அந்த ஏழு ஆண்டில் டாலர் 64 ரூபாயிலிருந்து 84 ரூபாய்க்கு மேல் ஏறியது. அந்தப் பகுதி பிட்காயினின் சாதனை இல்லை, ரூபாயின் இறக்கம். லாபக் கணக்கு காட்டுபவர் எந்தப் பணத்தில் காட்டுகிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

2013 ஜனவரியில் வாங்கியவருக்கு ரூபாயில் ஆண்டுக்கு ஏறக்குறைய 119 சதவீதம். 2021 நவம்பர் உச்சத்தில் வாங்கியவருக்கு 2024 டிசம்பர் வரை டாலரில் ஆண்டுக்கு 13 சதவீதம் அளவு. மூவரும் வாங்கியது ஒரே பொருள், மூவரும் பார்த்த கடைசி விலையும் ஒன்றே. நுழைந்த நாள் மட்டும் வேறு. ஒப்பிட்டுப் பார்க்க: அதே 2013-ல் 7,000 ரூபாயை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டிருந்தால் பன்னிரண்டு ஆண்டில் 15,800 ரூபாய் அளவு ஆகியிருக்கும். தங்கம் அந்தக் காலத்தில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆனது, ஆண்டுக்கு 8 சதவீதத்தை ஒட்டி.

ஆனால் 31 சதவீதம் என்ற எண்ணுக்கும் ஒரு குறை உண்டு. பணம் ஒவ்வொரு ஆண்டும் ஒழுங்காக 31 சதவீதம் வளர்ந்தது போல அது காட்டும். உண்மையில் 2017 டிசம்பரில் போட்ட ஒரு லட்சம், ஓர் ஆண்டு கழித்து 18,000 ரூபாய்க்கும் கீழே. 2021 நவம்பரில் 4 லட்சம். 2022 நவம்பரில் 98,000. ஐந்து ஆண்டு காத்திருந்தும் போட்ட முதலே முழுதாக இல்லை! அந்த ஐந்தாவது ஆண்டில் அவருக்கு அறுவை சிகிச்சை என்று கோயம்புத்தூர் போக வேண்டிய நிலை வந்திருந்தால், அவருடைய நீண்டகால வருமானம் சுழியத்துக்கும் கீழே. அதற்குப் பிறகு விலை எவ்வளவு ஏறினாலும் அது அவர் பணம் கிடையாது.

விழுந்தது எழுவதற்கு எவ்வளவு ஏற வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. 100 ரூபாய் 50 ஆனால், அது திரும்ப 100 ஆக இரட்டிக்க வேண்டும். 84 சதவீதம் விழுந்து 16 ஆனால், பழைய இடத்துக்கு வர ஆறே கால் மடங்கு ஏற வேண்டும். 2017 உச்சத்தைத் திரும்பத் தொட மூன்று ஆண்டு ஆனது. 2013 உச்சத்துக்கு மூன்று ஆண்டுக்கு மேல். 2021 உச்சத்துக்கு இரண்டே கால் ஆண்டுக்கு மேல். இதுவரை ஒவ்வொரு முறையும் எழுந்திருக்கிறது என்பது உண்மைதான். நான்கைந்து முறை நடந்ததை வைத்து எப்போதும் நடக்கும் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

தேயிலைக்காரருக்கு நன்றாகப் புரியும் ஒரு வேறுபாடு உண்டு. தோட்டத்தின் விலை ஏறினாலும் இறங்கினாலும், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இலை பறிக்கலாம், ஆலைக்குப் போடலாம், மாதக் கடைசியில் இலைப் பணம் வரும். இலை விலை குறைந்தால் வயிறு வாடும், ஆனாலும் செடி ஏதோ ஒன்று தந்துகொண்டே இருக்கும். பிட்காயின் அப்படி எதையும் தராது. வட்டி இல்லை, ஈவுத்தொகை இல்லை, வாடகை இல்லை. வாங்கிய விலையைவிட அதிகம் கொடுக்க இன்னொருவர் வந்தால்தான் லாபம். அதனால் நடுவில் செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் பிட்காயினையே வெட்டி விற்க வேண்டும், அதுவும் அன்றைக்கு இருக்கிற விலையில். 1990-களில் இலை விலை நன்றாக இருந்தபோது கடன் வாங்கித் தோட்டத்தைப் பெருக்கியவர்கள், 2000 வாக்கில் விலை சரிந்தபோது பட்ட பாட்டை இந்த மலையில் எல்லோரும் பார்த்தோம். அவர்களைக் காப்பாற்றியது அந்தக் குறைந்த விலை இலைப் பணம்தான். விலையை மட்டும் நம்பியிருக்கும் ஒரு பொருளில் அந்தப் பிடிமானமும் கிடையாது.

வென்ற நாணயத்தை மட்டும் பார்க்கிறோம்

"அன்றைக்கே வாங்கியிருந்தால்" என்று சொல்லும்போது, எதை வாங்கியிருந்தால் என்ற கேள்வி விட்டுப்போகிறது. 2013-ல் பிட்காயின் மட்டும் இல்லை. லைட்காயின், நேம்காயின், பியர்காயின், ஃபெதர்காயின் என்று பல இருந்தன. பிட்காயின் விலை ஏறிவிட்டது, மலிவான நாணயத்தை வாங்குவோம் என்று அவற்றுக்குப் போனவர்கள் நிறையப் பேர். நேம்காயினும் பியர்காயினும் 2013 இறுதியில் தொட்ட உச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட 2024-ல் இல்லை. பிட்காயின் அதே காலத்தில் தொண்ணூறு மடங்கு ஆகியிருந்தது. 2022 மே மாதத்தில் லூனா என்ற நாணயம் 80 டாலரில் இருந்து ஏறக்குறைய ஒரே வாரத்தில் ஒன்றுமில்லாமல் போனது. அதுவும் அதற்கு முன் உலகின் முதல் பத்து நாணயங்களில் ஒன்றாக இருந்ததுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2014-ல் 30 சென்ட் அளவு விலைக்கு விற்ற ஈதர் என்ற நாணயம், 2021-ல் 4,800 டாலரைத் தாண்டியது. ஆக, ஆரம்பத்தில் நுழைந்தால் வெற்றி என்று எந்த விதியும் இல்லை. பத்து நாணயத்தில் ஒவ்வொன்றிலும் ஆயிரம் போட்டு, ஒன்பது செத்து, ஒன்று முப்பது மடங்கு ஆனால், போட்ட பத்தாயிரத்துக்குக் கிடைப்பது முப்பதாயிரம். உண்மையான வருமானம் மூன்று மடங்கு. வெளியே பேசப்படுவதோ முப்பது மடங்கு. செத்த ஒன்பதைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை.

வைத்திருப்பது என்றால் எங்கே?

2013-ல் கோத்தகிரியில் இருந்துகொண்டு பிட்காயின் வாங்குவதே பெரும்பாடு. இந்திய எக்ஸ்சேஞ்சுகள் அப்போதுதான் தலையெடுத்தன. 2013 டிசம்பர் 24 அன்று ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. சில தளங்கள் வியாபாரத்தை நிறுத்தின. 2018 ஏப்ரலில் வங்கிகள் கிரிப்டோ (பிட்காயின் போன்ற மின்னணு நாணயங்கள்) நிறுவனங்களுக்குச் சேவை தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நடுவில் இருந்த இரண்டு ஆண்டுகளில் விற்க நினைத்த பலருக்கு வழி தெரியாமல் போனது.

அன்று உலகிலேயே பெரிய எக்ஸ்சேஞ்ச் ஜப்பானில் இருந்த மவுண்ட் காக்ஸ். 2014 பிப்ரவரியில் அது மூடப்பட்டபோது சுமார் 8,50,000 பிட்காயின் காணவில்லை என்று சொன்னார்கள். பிறகு அதில் 2 லட்சம் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்குப் பிட்காயினாகத் திரும்பக் கொடுக்கத் தொடங்கியது 2024 ஜூலையில். பத்து ஆண்டு! அதே 2024 ஜூலையில் நம் நாட்டின் வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோவைத் திருடிவிட்டார்கள். வங்கி வைப்புக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் கிடக்கும் பணத்துக்கு அப்படி ஒன்று இல்லை.

எக்ஸ்சேஞ்சை நம்பாமல் தன் வாலட்டிலேயே, அதாவது நாணயத்தின் சாவியை நாமே வைத்துக்கொள்ளும் செயலியிலோ கருவியிலோ, வைத்துக்கொண்டால் வேறு சிக்கல். அதைத் திறக்கப் பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு ஆங்கிலச் சொற்கள் தருவார்கள். அந்தச் சொற்கள்தான் சாவி. தொலைந்தால் புகார் செய்ய மேனேஜர் கிடையாது. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் ஹார்ட் டிஸ்க் 2013-ல் தவறுதலாகக் குப்பைக்குப் போனது; அதில் 8,000 பிட்காயின் வரை இருந்தது. குப்பைக்கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டு நீதிமன்றம்வரை போனார். 2025 ஜனவரியில் வழக்கு தள்ளுபடியானது. நம் ஊரில் குப்பைக்குப் போகவே வேண்டாம். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், வடகிழக்கில் கோத்தகிரியும் குன்னூரும் என்று, பீரோவில் வைத்த நிலப் பத்திரமே பூஞ்சை பிடிக்கிற ஈரம் இது. பென்டிரைவும் காகிதமும் பன்னிரண்டு ஆண்டு தாக்குப்பிடிக்கும் என்று நம்ப முடியாது. எஃகுத் தகட்டில் அந்தச் சொற்களைப் பொறித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த மலைக்கு அதுவே பொருத்தம்.

வரி போனபின் எவ்வளவு?

2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. பங்குகளைப் போல நீண்டகாலம் வைத்திருந்ததற்குச் சலுகை எதுவும் இல்லை. பத்து நாள் வைத்திருந்தாலும் பத்து ஆண்டு வைத்திருந்தாலும் அதே 30. மொத்த வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் இந்த லாபத்துக்கு வரி உண்டு. 2022 ஜூலை 1 முதல் விற்கும் தொகையில் 1 சதவீதத்தை டிடிஎஸ் என்று முன்கூட்டியே வரியாகப் பிடிக்கிறார்கள்; அது கட்ட வேண்டிய வரியில் கழியும்.

இதில் பலரைக் கடிக்கும் இடம், நஷ்டம். ஒரு நாணயத்தில் 10 லட்சம் லாபம், இன்னொன்றில் 4 லட்சம் நஷ்டம் என்று வையுங்கள். உங்கள் கையில் நிஜமாகச் சேர்ந்தது 6 லட்சம். ஆனால் நஷ்டத்தைக் கழிக்க விதி இடம் தரவில்லை. 10 லட்சத்துக்கும் 3 லட்சத்து 12 ஆயிரம் கட்ட வேண்டும். 6 லட்சத்தில் பாதிக்கு மேல் வரி! அந்த நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. பல நாணயங்களில் பிரித்துப் போடுங்கள் என்று யோசனை சொல்பவர்கள் இந்த விதியைச் சேர்த்துச் சொல்வதில்லை.

நம் விவசாயிகளுக்கு இன்னொன்றும் உண்டு. பச்சைத் தேயிலை விற்ற பணம் விவசாய வருமானம், மத்திய வருமான வரி கிடையாது. அதனால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் பழக்கமே இல்லாதவர்கள் அதிகம். ஒரு முறை கிரிப்டோ விற்றாலும் பான் எண்ணில் பதிவாகிவிடும், ரிட்டர்னில் அதற்கென்று உள்ள தனி அட்டவணையில் காட்டியாக வேண்டும். வாங்கிய தேதி, வாங்கிய விலை, வங்கிக் கணக்கிலிருந்து பணம் போன ரசீது எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே எடுத்து வையுங்கள். வாங்கிய விலைக்கு ஆதாரம் இல்லாவிட்டால் அதைக் கழிக்கக் கேட்பதே கஷ்டமாகிவிடும்.

தினம் ஒரு சதவீதம் என்றால்

ஆரம்பத்தில் நுழைந்தவர்களின் கதையைக் காட்டித்தான் மோசடிக்காரர்கள் வலை வீசுகிறார்கள். "நீங்க பிட்காயினைத் தவறவிட்டீங்க, இதைத் தவறவிடாதீங்க, தினம் ஒரு சதவீதம்." வாட்ஸ்அப் குழுவில் ஊர்க்காரர், உறவுக்காரர் மூலமாகவே வரும். ஒரு சதவீதம் கேட்கச் சின்னதாக இருக்கிறது. கூட்டு வட்டியில் 365 நாளுக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லட்சம் 37 லட்சத்துக்கு மேல். இரண்டாம் ஆண்டு முடிவில் 14 கோடி. அப்படித் தரக்கூடிய வழி ஒருவருக்குத் தெரிந்தால், அவருக்கு நம் ஒரு லட்சம் எதற்கு? பிட்கனெக்ட் என்ற திட்டம் இதே தினசரி லாபத்தைச் சொல்லித்தான் உலகம் முழுக்கப் பணம் திரட்டியது. 2018 ஜனவரியில் அது மூடப்பட்ட நாளில் அதன் நாணயம் 90 சதவீதம் வரை விழுந்தது. பிட்காயினில் போட்டு இழந்தவருக்கு விலை திரும்ப வரும் என்ற வாய்ப்பாவது இருந்தது. இதில் அதுவும் கிடையாது.

இவ்வளவும் தெரிந்தபின் கொஞ்சம் வாங்க நினைப்பவரை நான் தடுப்பதில்லை. முழுதாகப் போனாலும் பிள்ளையின் ஃபீஸும் வீட்டு அடுப்பும் நிற்காத அளவு பணமாக இருக்கட்டும். நகையை அடகு வைத்தோ, சீட்டுப் பணத்தை எடுத்தோ, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் உழைத்து ஓய்வுபெற்றவரின் பணிக்கொடையைப் பிரித்தோ போடக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. முப்பது ஆண்டு கொழுந்து கிள்ளிய கைக்கு வந்த பணம், ஓர் ஆண்டில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும் ஒரு பொருளில் இருக்கவே கூடாது.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். வங்கிக் கணக்கில் வாரிசு பெயர் இருக்கும். சொந்த வாலட்டுக்கு அப்படி ஒன்று கிடையாது. எந்த எக்ஸ்சேஞ்சில், எந்தக் கைப்பேசி எண்ணில், எந்த மின்னஞ்சலில் கணக்கு இருக்கிறது, வாலட் என்றால் அந்தச் சாவிச் சொற்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதைத் தமிழிலேயே எழுதி, மனைவியோ மகனோ மகளோ எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். சொற்களையும் அந்தக் குறிப்பையும் ஒரே உறையில் வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், போட்டோ எடுத்து வைக்காதீர்கள். உதவி செய்கிறேன் என்று அந்தச் சொற்களைக் கேட்பவர் யாராக இருந்தாலும், எக்ஸ்சேஞ்ச் ஊழியர் என்று சொன்னாலும், கொடுக்காதீர்கள். கேட்பவர் திருடத்தான் கேட்கிறார்.